ஒத்துழைப்பில் உள்ள உழைப்பு: பல்சீரமைப்பு மருத்துவத்தில் மருத்துவர் நடத்தையும் நோயாளியின் இணக்கமும்

எடுப்பாகவும் தெத்தாகவும் இடைவெளிவிட்டும் அமைந்த பற்களையும், மேலும் கீழும் பொருந்தாமல் வளர்ந்த தாடைகளையும், மெல்லிய விசையைத் தொடர்ந்து செலுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரும் மருத்துவப் பிரிவு பல்சீரமைப்பு மருத்துவம் எனப்படுகிறது. 'பல்லுக்குக் கம்பி போடுதல்' என்றும் 'கிளிப் போடுதல்' என்றும் மக்கள் குறிப்பிடுவது இதனையே. அறுவை மருத்துவத்தில் நோயாளி மயக்கத்தில் கிடக்க மருத்துவரே எல்லாவற்றையும் செய்து முடிக்கிறார். பல் பிடுங்குவதிலும் நோயாளியின் பங்கு சில நிமிடம் வாயைத் திறந்து வைத்திருப்பதோடு முடிந்துவிடுகிறது. பல்சீரமைப்பு பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை நீளும் சிகிச்சை. மாதம் ஒருமுறை இருபது நிமிடம் என்று கணக்கிட்டால், இரண்டு ஆண்டில் மருத்துவரின் கை நோயாளியின் வாயில் இருப்பது மொத்தம் 8 மணி நேரமே; அவ்விரண்டு ஆண்டில் அடங்கிய நேரமோ 17,520 மணி. எஞ்சிய அத்தனை நேரமும் சிகிச்சை நோயாளியின் வீட்டிலும் பள்ளியிலும் புஞ்சையிலும் பேருந்திலும் நடைபெறுகிறது.

அந்நேரத்தில் நோயாளி செய்யவேண்டியதைச் செய்வதையே மருத்துவ உலகம் ஒத்துழைப்பு என்கிறது. 1920இல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தால் தமிழ்நாட்டின் பட்டிதொட்டி எங்கும் பரவிய இச்சொல், மருத்துவமனைக்குள் வந்தபோது தன் பாதிப் பொருளை வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததாகத் தோன்றுகிறது. ஒத்து உழைத்தல் என்றால் இருவர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் இசைந்து, ஒரே வேலையில் ஈடுபடுதல். ஒருவர் ஏவ மற்றவர் பணிந்து செய்வதற்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன. ஆயினும் நோயாளியின் குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு போதாது' என்று எழுதப்படும்போது, அது சேர்ந்து செய்த வேலையில் நேர்ந்த குறையாக எழுதப்படுவதில்லை. உயரம், எடை, வயது போல நோயாளியின் உடம்போடு பிறந்த ஓர் இயல்பாகவே எழுதப்படுகிறது. இந்தப் பதிவு பெரும்பாலும் தவறான இடத்தில் செய்யப்படுகிறது என்பதும், ஒத்துழைப்பின் கணிசமான பகுதி மருத்துவரின் நாற்காலியருகே அவருடைய நடத்தையால் விளைகிறது அல்லது கருகுகிறது என்பதுமே இச்சொற்பொழிவின் கருத்து.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பகுக்கிறது: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவர். பல்சீரமைப்பில் முதலாமவரும் நான்காமவரும் பெரும்பாலும் ஒருவரே. பதின்மூன்று வயதுப் பிள்ளை தனக்குத் தானே செவிலியாக இருந்து, சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும் கம்பியின் மேலும் கீழும் துலக்கி, மேல்தாடைக் கொக்கியிலிருந்து கீழ்த்தாடைக் கொக்கிக்கு எலாஸ்டிக் எனப்படும் சின்னஞ்சிறு ரப்பர் வளையத்தை நாள்தோறும் மாற்றிப் போட்டு, கடிக்கக் கூடாததைக் கடிக்காமல், குறித்த நாளில் மருத்துவரிடம் வந்து நிற்கவேண்டும். துலக்குவதில் தவறினால் அதன் விளைவு விரைவில் தெரியும். பல்லில் ஒட்டிய பிராக்கெட் என்னும் சிறு உலோகப் பிடியைச் சுற்றி அழுக்கு தங்கினால், ஏறத்தாழ நான்கு வாரத்திலேயே பல்லின் எனாமலில் சுண்ணச்சத்து கரைந்து வெள்ளைத் திட்டு விழக்கூடும். கம்பியை எடுத்தபின் பற்கள் வரிசையாக நிற்க, அவற்றின்மேல் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பும் நிற்குமானால், அச்சிகிச்சையை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று முடிவு செய்வது எளிதாக இராது.

ஒத்துழைப்பவர் யார், ஒத்துழையாதவர் யார் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ளும் ஆசை இத்துறைக்கு வெகுநாளாக உண்டு. 1960களில் நோயாளிகளின் ஆளுமையை வினாத்தாள்களால் அளந்து, எவர் சொன்னபடி கேட்பார் என்று கணிக்க முயன்றனர். வயது, பால், குடும்ப நிலை, பெற்றோரின் மனப்பாங்கு என ஒவ்வொன்றும் மாறி மாறிச் சோதிக்கப்பட்டது. ஓர் ஆய்வில் பொருந்தியது மற்றோர் ஆய்வில் பொருந்தாமல் போயிற்று. இந்தியாவிலிருந்து சென்று அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராம் நந்தா, கீர்ல் என்பவருடன் சேர்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியின் திசையையே மாற்றியது. ஒத்துழைப்பைக் கணிக்க முயன்ற அவ்வாய்வில், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே அமையும் உறவு முதன்மையான கூறாக வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து 1996இல் சின்ஹா, நந்தா, மெக்நீல் மூவரும் நோயாளியை அளப்பதற்குப் பதிலாக மருத்துவரின் நடத்தையை நோயாளியின் கண்வழியே அளந்தனர். மருத்துவரின் நடத்தையை நோயாளி எவ்வாறு உணர்கிறாரோ அதனோடு அவருடைய மனநிறைவும், உறவின் நெருக்கமும், அறிவுரையைப் பின்பற்றுதலும் சேர்ந்தே நடப்பதாக அவ்வாய்வு காட்டியது.

இதே கருத்து பொது மருத்துவத்தில் முன்பே எழுந்திருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் 800 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த பார்பரா கோர்ஷ், தாயின் கவலை என்ன என்று கேட்காமலேயே மருத்துவர்கள் பேசி அனுப்பிவிடும் பழக்கத்தை 1968இல் வெளிப்படுத்தினார். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிக்குள் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984இல் பெக்மேனும் ஃபிராங்கெலும் எழுதியது இன்றுவரை மருத்துவக் கல்வியில் மேற்கோளாக வழங்குகிறது. பல்சீரமைப்பில் இந்நிலை இன்னும் மோசமாவதற்கு இயற்கையாகவே ஒரு காரணம் உண்டு: மருத்துவர் கேள்வி கேட்கும்போதே நோயாளியின் வாயில் அவருடைய விரலும் கண்ணாடியும் இருக்கும்.

இவ்வகை ஆய்வுகளை அப்படியே நம்பிவிடலாகாது என்பதையும் சொல்லவேண்டும். வினாத்தாள் ஆய்வில் காரணம் எது, காரியம் எது என்பது தெளிவதில்லை. நன்றாக ஒத்துழைக்கும் பிள்ளையிடம் மருத்துவர் இயல்பாகவே முகமலர்ச்சியோடு பேசுவார் என்பதும், அப்பிள்ளை மருத்துவரை நல்லவர் என்று குறிப்பதும், நடத்தையால் ஒத்துழைப்பு விளைந்தது என்பதற்குப் போதிய சான்றாக மாட்டா. இந்த ஐயத்தை ஓரளவு தீர்ப்பது, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து 2005இல் பார்ட்லெட் குழுவினர் வெளியிட்ட சோதனை. கம்பி போட்ட முதல் நாளிலிருந்து பல்லில் வலி எழுந்து, ஏறத்தாழ ஒரு நாளில் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்துக்குள் தணிவது இயல்பு. பலர் மனம் தளர்வதும் அந்த வாரத்தில்தான். 150 நோயாளிகளை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்குத் தொலைபேசியில் அழைத்து வலியைப் பற்றியும் அதனைச் சமாளிக்கும் வழியைப் பற்றியும் முறைப்படி எடுத்துரைத்தனர். இரண்டாம் குழுவுக்கு அழைத்து, ஆய்வில் பங்குகொண்டதற்கு நன்றி மட்டும் கூறினர். மூன்றாம் குழுவுக்கு அழைப்பே இல்லை. அழைப்புப் பெற்ற இரு குழுவினரும் அழைப்பில்லாதவர்களைக் காட்டிலும் குறைவான வலியையும் குறைவான பதற்றத்தையும் தெரிவித்தனர். அவ்விரு குழுக்களுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. வலிக்கு மருந்தானது சொல்லப்பட்ட செய்தியைவிட, மருத்துவமனையிலிருந்து ஒருவர் நினைத்து அழைத்தார் என்பதே என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். கோவில்பட்டியில் கம்பி போட்டுக்கொண்டு மாலைப் பேருந்தில் ஊர் திரும்பிய ஒரு பிள்ளைக்கு மறுநாள் 'சாப்பிட முடியுதாம்மா' என்று ஒரு குரல் கேட்பதற்கு ஆகும் செலவு ஒரு நிமிடம். பல்சீரமைப்பில் இவ்வளவு மலிவான கருவி வேறொன்று இல்லை.

அடுத்ததாக, பொய் என்னும் பொருளைச் சற்று நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. கழற்றி மாட்டும் தட்டுகளுக்குள் உடற்சூட்டை உணரும் நுண்கருவியைப் பதித்து, தட்டு எத்தனை மணி நேரம் வாயில் இருந்தது என்று பதிவுசெய்யும் முறை ஐரோப்பாவில் வந்தபின், நாளொன்றுக்கு 15 மணி நேரம் அணியச் சொன்ன தட்டுகள் சராசரியாக 10 மணிக்கும் குறைவாகவே அணியப்பட்டது தெரியவந்தது. 2017இல் லண்டனில் தொகுக்கப்பட்ட ஆய்வு மதிப்பீடொன்று, நோயாளிகள் தாங்கள் அணிந்ததாகச் சொல்லும் நேரத்துக்கும் கருவி காட்டும் நேரத்துக்கும் இடையே ஏறத்தாழ 5 மணி நேர வேறுபாடு இருப்பதாகக் கூறுகிறது. இந்த ஐந்து மணி நேரத்தை நோயாளியின் நேர்மைக்குறைவாகக் கருதுவது எளிது. ஆனால் உண்மையைச் சொல்பவருக்குத் திட்டும், பொய் சொல்பவருக்குப் பாராட்டும் கிடைக்கும் இடத்தில் பிள்ளைகள் எதனைக் கற்றுக்கொள்வர் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மாதம் முழுதும் பெட்டியில் கிடந்த எலாஸ்டிக் மருத்துவமனைப் படியேறும்போது பளபளவென்று வாயில் ஏறுகிறது. மருத்துவருக்கும் அது தெரியும். தொடர்ந்து அணிந்த தட்டின் பளபளப்பு மங்கியிருக்கும், அண்ணத்தில் அதன் விளிம்பு பதிந்திருக்கும், அதனை வாயில் வைத்துக்கொண்டே பிள்ளை நாக்குழறாமல் பேசும். இவற்றைக் கண்டபின்னும் 'போட்டாயா இல்லையா' என்று கேட்பது விசாரணையாகிவிடுகிறது. 'எந்த நேரத்தில் போடுவது கஷ்டமாக இருக்கிறது' என்று கேட்டால், பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதும், இரவில் எச்சில் வடிவதும், பாடம் வாசிக்கும்போது நாக்குத் தடுக்குவதும் ஒவ்வொன்றாக வெளிவரும்; அவற்றுள் பாதிக்குத் தீர்வு மருத்துவரின் கையிலேயே இருக்கும்.

மேற்சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. அவற்றின் முடிவுகளைத் தூத்துக்குடி மாவட்டத்துப் பசுவந்தனைக்கும் அதனைச் சூழ்ந்த கரிசல் ஊர்களுக்கும் கொண்டுவரும்போது, வேறு சில கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, உணவு. கம்பி போட்டவர் தவிர்க்கவேண்டியவை என்று அச்சிட்டுக் கொடுக்கப்படும் துண்டுத்தாள்கள் பலவற்றில் பீட்சா, பாப்கார்ன், சூயிங்கம், டாஃபி என்ற வரிசையைக் காணலாம். புவிசார் குறியீட்டை 2020இல் பெற்ற கடலை மிட்டாய் கோவில்பட்டியின் சொந்தச் சரக்கு. வறுத்த வேர்க்கடலையைப் பாகில் இறுக்கிச் செய்த அப்பண்டம், கடினத்தால் பிராக்கெட்டைப் பெயர்க்கவும், ஒட்டும் தன்மையால் பல்லிடுக்கில் தங்கி எனாமலைக் கெடுக்கவும் ஒருசேர வல்லது. காரச்சேவு, முறுக்கு, தைப்பொங்கலில் கடித்துத் தின்னும் கரும்பு, நார் உரித்து மெல்லும் பனங்கிழங்கு, சுட்ட மக்காச்சோளக் கதிர் ஆகிய இவையே இவ்வூர்ப் பிள்ளையின் வாய்க்குள் போகின்றன. தாளில் உள்ளவற்றை ஒன்றுகூடத் தின்னாமல், கடலை மிட்டாயை மட்டும் கடித்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளை, எழுத்தளவில் முழுமையாக ஒத்துழைத்த நோயாளியே. பிள்ளை எதைத் தின்கிறது என்று கேட்டறிந்து, கம்பங்கூழும் களியும் இட்லியும் முதல் வாரத்துக்கு ஏற்றவை என்றும், கரும்பைத் துண்டாக்கிச் சாறு பிழிந்து குடிக்கலாம் என்றும், குடித்தபின் வாய் கொப்பளிக்கவேண்டும் என்றும் சொல்லும் மருத்துவர் கூடுதலாகச் செலவிட்டது இரண்டு நிமிடம். பொங்கலன்று கரும்பே கூடாது என்று சொல்பவர், அன்று தம் சொல் மீறப்படுவதற்குத் தாமே ஏற்பாடு செய்கிறார்.

இரண்டாவது, தண்ணீர். தூத்துக்குடி மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. அதற்கு மேற்பட்ட நீரைப் பல் உருவாகும் இளவயதில் தொடர்ந்து குடித்த பிள்ளையின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளும், மிகுந்தால் பழுப்புக் கறையும் தோன்றும். மக்கள் இதனைப் பல்லில் காவி ஏறியது என்பர். எவ்வளவு துலக்கினாலும் போகாத இக்கறையைக் கண்டு, வெளியூரிலிருந்து வந்த மருத்துவர் முதல் சந்திப்பிலேயே 'பல் துலக்கும் பழக்கமே இல்லையா' என்று கேட்டுவிடுவாரானால், நாள் தவறாமல் துலக்கிவரும் பிள்ளையும் அதன் தாயும் அடையும் அவமானத்தை அடுத்த இருபது சந்திப்பாலும் துடைக்க இயலாது. இதன் தொடர்ச்சி இன்னும் நுட்பமானது. ஃபுளோரைடால் மாறிய எனாமலில் பிராக்கெட்டை ஒட்டும் பசை சரியாகப் பிடிப்பதில்லை. அமிலத்தால் பதப்படுத்தும் நேரத்தையும் முறையையும் மாற்றிச் செய்யாவிடில் பிடி விரைவில் கழன்றுவிடக்கூடும். 'கிளிப் விழுந்துவிட்டது' என்று வரும் பிள்ளையிடம் 'என்ன தின்றாய்' என்பதே முதல் கேள்வியாக இருக்குமானால், தண்ணீரும் எனாமலும் பசையும் மருத்துவரின் கைப்பதமும் சேர்ந்து செய்த குற்றம் ஒரு கடலை மிட்டாயின் தலையில் சுமத்தப்படும். ஒத்துழைப்பு போதாது என்று எழுதுமுன் தம் வேலையைத் தாமே ஒருமுறை சோதித்துப் பார்க்கும் மருத்துவர் அரியவர் என்றே சொல்லவேண்டும்.

மூன்றாவது, நாளும் காசும். பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருந்து, போய், மருத்துவமனையில் காத்திருந்து, திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடும். பிள்ளையோடு துணைக்கு வரும் தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவரானால் அன்றைய கூலி இல்லை. மானாவாரி நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் விதைக்கும் நாளிலும், தை, மாசியில் அறுவடை நடக்கும் நாளிலும் எவராலும் வரமுடியாது. மழை ஏமாற்றிய ஆண்டில் மாதத் தவணை நிற்கும். வராத நோயாளிகளுள் ஒரு பகுதியினர் பல்லைப் பற்றிய அக்கறை இல்லாததால் வராதவர் அல்லர். தவணை கட்ட இயலாமல், வரவேற்பு மேசையில் பலர் முன்னிலையில் பாக்கியைக் கேட்பார்களே என்று கூசி வராதவர். மருத்துவரின் நடத்தை என்னும்போது அவருடைய மேசையில் அமர்ந்திருப்பவரின் குரலும் அதில் அடங்கும். விதைப்புக்கு முன் ஒரு சந்திப்பையும் விதைப்பு முடிந்தபின் அடுத்ததையும் வைத்து, இடையில் ஆறு வாரம் தாங்கும்படி கம்பியைத் தேர்வது பல்சீரமைப்பில் இயலாத காரியமன்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்கும் பங்குனி மாதத்துக்கும் இது பொருந்தும்.

ஆங்கில வினாத்தாள் எதுவும் கேட்காத, கேட்கவும் இயலாத நான்காவது கூறு ஒன்று தமிழில் இருக்கிறது. 'மருத்துவர் மரியாதையாக நடந்துகொண்டாரா' என்று அவ்வினாத்தாள்கள் பொதுப்படக் கேட்கின்றன. தமிழிலோ மரியாதை ஒவ்வொரு வினைமுற்றிலும் உட்கார்ந்திருக்கிறது. 'வா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்வட்டாரத்தில் எவரும் தவறவிடுவதில்லை. காரில் வந்த பெற்றோரை 'உட்காருங்க' என்றும், அழுக்கு வேட்டியோடு வந்த பெரியவரை 'உட்காரு' என்றும் அழைக்கும் மருத்துவரைப் பற்றிய தீர்ப்பு, அந்தப் பெரியவரின் பேத்தியால் அக்கணமே எழுதப்பட்டுவிடுகிறது. பிள்ளையை அழைக்கும் முறையும் அவ்வாறே. பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளைக்கும், 'ஏ பிள்ளை, வாயைத் திற' என்று அழைக்கப்படும் பிள்ளைக்கும் தன் வாயைப் பற்றிய எண்ணமே வேறுபடும். இன்னொரு வழக்கம், பிள்ளையின் தலைக்கு மேலாகத் தாயிடமே பேசுவது: 'ஒழுங்காகத் துலக்குகிறாளா, எலாஸ்டிக் போடுகிறாளா' என்று மருத்துவர் கேட்க, தாய் 'எங்கே சார், சொன்னால் கேட்டால்தானே' என்று தொடங்க, இருபது நிமிடச் சந்திப்பு இருவர் சேர்ந்து மூன்றாமவர் மேல் நடத்தும் வழக்காகிவிடும். வேலை செய்யவேண்டியவர் அந்த மூன்றாமவர். பருவ வயதில் பிறர் முன்னிலையில், அதிலும் தாய் முன்னிலையில், அதிலும் பக்கத்து நாற்காலியில் தன் வயதொத்த பிள்ளை படுத்திருக்கும்போது விழும் திட்டு, ஒரு பல்லைக்கூட நகர்த்தியதாகத் தெரியவில்லை. சிகிச்சைக்கு வந்ததன் காரணம் பிள்ளையினுடையதா, பெற்றோருடையதா என்று முதல் நாளே தனியாகக் கேட்டறிவது இவ்விடத்தில் உதவும். தெத்துப்பல்லை அழகென்று நினைக்கும் பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு முன் பல்லைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்ற வீட்டாரின் அவசரத்தால் கம்பி போடப்படும்போது, அவளிடம் எதிர்பார்க்கப்படும் ஒத்துழைப்பு எதனோடு என்பது தெளிவாக வேண்டும்.

விளக்கிச் சொல்வது பற்றியும் சில சொல்லவேண்டும். மருத்துவர் சொல்வதில் பெரும்பகுதியை நோயாளிகள் கேட்ட சிறிது நேரத்திலேயே மறந்துவிடுகின்றனர் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. முதல் நாளில், புதிய கம்பி உறுத்த, பத்து அறிவுரையை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் மருத்துவர் தம் கடமையை முடித்துக்கொள்கிறாரே தவிர நோயாளிக்கு எதையும் கொடுத்ததாகாது. குழந்தைப் பல் மருத்துவத்தில் 1959இல் அடில்ஸ்டன் வகுத்த 'சொல், காட்டு, செய்' என்னும் முறை இங்கும் பொருந்தும். அதனோடு பிள்ளையையே செய்துகாட்டச் சொல்வதும் சேரவேண்டும். காரணத்தைச் சொல்வதற்கோ, கரிசல் மண்ணே நல்ல பாடம் தருகிறது. பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டதன்று. இணைநார் என்னும் மெல்லிய திசுவால் எலும்புக்குழியில் தொங்கவிடப்பட்டது. கம்பி தள்ளும் பக்கத்தில் எலும்பு கரைய, எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு ஊற, பல் மெல்ல நகர்கிறது. மழைக்கு ஊதிக் கோடைக்கு வெடிக்கும் கரிசலில் நட்ட கல்தூண் நாளடைவில் சாய்வதைப் பார்த்த பிள்ளைக்கு, மண்ணோடு தூண் நகரும் என்பதைப் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை; ஒரே நாளில் நெம்பினால் தூண் நிமிராது, முறியும் என்பதையும் அது அறியும். வளையத்தை மூன்று நாள் போட்டு இரண்டு நாள் விட்டால் என்ன ஆகும் என்று அப்பிள்ளையே சொல்லிவிடும். காரணம் புரிந்து செய்பவர், கட்டளைக்காகச் செய்பவரைவிட நீண்ட நாள் செய்வார் என்பது ஊக்கத்தைப் பற்றிய உளவியல் ஆய்வுகள் பலவற்றின் முடிவு.

இவ்வுறவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடியதன்று என்பதால் பயிற்சி மருத்துவமனைகளில் தனியொரு சிக்கல் எழுகிறது. தமிழ்நாட்டின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்றும் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் உள்ளன. மூன்றாவது 2023இல் தொடங்கப்பட்டது. பசுவந்தனைப் பிள்ளைக்கு மூன்றும் மாதந்தோறும் போய்வரும் தொலைவில் இல்லை. அரசுக் கல்லூரியானாலும் தனியார் கல்லூரியானாலும், பல்சீரமைப்பில் மேற்பட்டம் மூன்றாண்டுப் படிப்பாகையால், மாணவர் படிப்பை முடித்துச் செல்லும்போது நடுவழியில் உள்ள நோயாளிகள் அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்கப்படுவர். குறிப்பேடும் எக்ஸ்ரேயும் பல் அச்சும் கைமாறும். பொங்கலுக்குக் கரும்பைப் பிழிந்து குடிக்கலாம் என்று பேசிவைத்த உடன்பாடு கைமாறாது. பழையவரும் புதியவரும் நோயாளியோடு ஒரே நாளில் சேர்ந்து அமர்ந்து பேசும் ஒரு சந்திப்பை வைத்தாலே இந்த இழப்பில் பெரும்பகுதி தவிரும்.

ஒத்துழைப்பையே தேவையற்றதாக்கிவிடும் கருவிகளைத் தேடும் முயற்சியும் இத்துறையில் நடந்துவருகிறது. ஜெர்மானியரான எமில் ஹெர்ப்ஸ்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய, நோயாளியால் கழற்ற இயலாத தாடைக்கருவியை, 1970களின் இறுதியில் பான்ஷெர்ஸ் மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தலையைச் சுற்றி அணியும் பட்டையின் இடத்தை எலும்பில் முடுக்கும் சிறு திருகாணி பல நேர்வுகளில் பிடித்துக்கொண்டது. இவை பயனுள்ளவை. எனினும் பல் துலக்கும் திருகாணி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

குற்றம் முழுவதையும் மருத்துவரின் தோளில் ஏற்றுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஒரு நாளில் நாற்பது நோயாளியைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒவ்வொருவரின் வீட்டு நிலையையும் கேட்கச் சொல்வது, அவர் எழுந்து நீர் குடிக்கும் நேரத்தையும் கேட்பதாகும். எவ்வளவு பரிவோடு நடந்துகொண்டாலும் சிகிச்சையை விரும்பாத நோயாளிகள் சிலர் இருக்கவே செய்வர். அவர்களுடைய விருப்பமின்மைக்கும் மதிப்பு உண்டு. எனாமல் கரையத் தொடங்கிய வாயில் இன்னும் ஓராண்டு கம்பியை வைத்திருப்பதைவிட, பற்கள் பாதி வரிசைப்பட்ட நிலையிலேயே கம்பியைக் கழற்றிவிடலாம் என்று நோயாளியோடும் பெற்றோரோடும் கலந்து முடிவு செய்வது, சினமின்றிச் செய்யப்படுமானால், அதுவும் ஒத்து உழைத்தலே. அப்படிக் கழற்றிக்கொண்டு போனவர் பத்தாண்டு கழித்துத் தம் சொந்தக் காசில், சொந்த விருப்பில் அதே மருத்துவரைத் தேடி வருவதற்கு வழி திறந்திருக்கும்.

கம்பியைக் கழற்றியபின் வருவது ரிடெய்னர். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடாமல் பிடித்துவைக்கும் கழற்றி மாட்டும் தட்டு. இன்றும் பரவலாகப் புழங்கும் அதன் வடிவம் சார்லஸ் ஹாலியின் பெயரால் வழங்குகிறது. இந்தக் கட்டத்தில் மாதச் சந்திப்பும் இல்லை, தவணையும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. பற்கள் வரிசையாகிவிட்டதால் நோயாளிக்கு அவசரமும் இல்லை. கல்யாணப் பந்தியில் சாப்பிட உட்காருமுன் தட்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைப்பதும், சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து எழுந்துவிடுவதும், இலையோடு தட்டு குப்பைக்குப் போவதும் பல் மருத்துவர்கள் அனைவரும் அறிந்த கதை. தட்டு தொலைந்ததைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அந்த நோயாளிக்கு முந்தைய இரண்டு ஆண்டுச் சந்திப்புகளிலிருந்து தெரியும். கழன்ற கிளிப்புக்கும் தவறிய நாளுக்கும் முன்பு திட்டு வாங்கியவர், இதற்கும் திட்டு விழும் என்று நாளைத் தள்ளிப்போட்டு, முன்பற்கள் மறுபடி விலகியபின் ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு மருத்துவரிடம் போய் நிற்பார். அங்கே கம்பி முதலிலிருந்து தொடங்கும். திட்டு விழாது என்று அறிந்தவர் அந்த வாரத்திலேயே வருவார். அவருக்கு ஓர் அச்செடுத்துப் புதுத் தட்டுக் கொடுத்தால் போதும்.